காலுறையைக் கழற்றாத கெய்னெல்

திங்கட்கிழமை மாலைக்குள் டாக்டர் மெரில் ப்ரூவிட்டின் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்தால் மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள மருத்துவகத்தில் என் புதுப்பணி தொடங்கும். கிடைக்காவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி அமர்வாள். அவர்கள் இதை மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் இருமுறை சொன்னார்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்து, நோயறிந்து மருந்தெழுதும் உரிமை பெற்றபின் நான் ஏற்ற முதல் வேலை ப்ரூவிட்டின் மருத்துவகம்தான். ஆஸ்பத்திரி வார்டில் வெறும் செவிலியாய் நின்ற காலத்தில் வாங்கிய சம்பளத்தைக்கூட அங்கே நான் வாங்கவில்லை. ஒரு நோயாளி சட்டையின் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அடுத்தவர் கதவருகே இருமுவார். டாக்டரோ பெரும்பாலும் தம் மற்றொரு மருத்துவகத்தில் இருப்பார். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் முதல் வேலை கொடுப்பவர்கள் அரியர். ஆகவே ஒப்பந்தத்தின் எல்லா வரிகளையும் படித்து, எல்லாவற்றுக்கும் இசைந்தே கையொப்பமிட்டேன். அவற்றுள் ஒரு வரி, நான் விலகினால் ஐம்பது மைல் சுற்றளவுக்குள் இரண்டு ஆண்டுகள் எங்கும் பணி செய்யலாகாது என்றது. புது மருத்துவகம் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தது. அந்த வரியிலிருந்து என்னை விடுவிப்பதாக டாக்டர் ஒரு கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

டாக்டரைத் தொலைபேசியில் கேட்டேன். கெய்னெலைக் கேள் என்றார்.

கெய்னெல் காடில் அந்த மருத்துவகத்தின் மேலாளர். டாக்டரின் நாட்குறிப்பும் கடவுச்சொற்களும் சாவிகளும் அவளிடம். அவர் பெயரை அவர் கையால் எழுதியதுபோலவே பதிக்கும் ரப்பர் முத்திரை ஒன்றும் அவளுடைய தோல் கைப்பையில் கிடந்தது. கணினியில் போகும் மருந்துச்சீட்டு தவிர மற்றெல்லாம் அந்த முத்திரையால்தான் நடந்தன. எங்கள் லாரல் ஃபோர்க் சபையில் அவளும் நானும் சகோதரிகள். ஒரே ஓடையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

என் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, தட்டச்சு செய்த கடிதத்தை அவளுடைய சாளரத்தில் வைத்தேன். அவள் தலை நிமிரவில்லை. ஸ்டேப்ளரைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"டாக்டர் போட மாட்டார்."

"நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணுமா என்ன? அவர் போடறது, போடாதது எல்லாம் இந்தப் பையிலதான் கெடக்கு. உனக்கு முன்னாடி போனாளுங்களே ரெண்டு பேரு, அவங்களுக்கும் குடுக்கல. உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?"

கடிதத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன். அதை முன்பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் சபைக்கூட்டம். அதற்கடுத்த ஞாயிறு, ஆண்டுக்கொருமுறை நாங்கள் அப்பம் பிட்டுப் பாதம் கழுவும் நாள். அதற்கு முன்னைய சனியன்று சபை மூப்பர் எழுந்து, யாருக்கேனும் யார்மீதேனும் மனத்தாங்கல் உண்டா என்று கேட்பது வழக்கம். உண்டென்றால் அதைத் தீர்த்துக்கொண்டே மறுநாள் பந்திக்கு வரவேண்டும். மூப்பர் ஆர்லிஸ் கேட்டார். யாரும் எழவில்லை. நானும் எழவில்லை. எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த கெய்னெலும் எழவில்லை. சபை சமாதானமாயிருக்கிறது என்று மூப்பர் அறிவித்தார். அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

ஞாயிறன்று நல்ல வெயில். மரத்தடி மேசைகளில் மூடிவைத்த கோழிக்குழம்பும் சோளரொட்டியும் வெந்த அவரையும் ஆராதனை முடியக் காத்திருந்தன. உள்ளே ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். எங்களுக்கு வாத்தியம் கிடையாது. மூப்பர் ஆர்லிஸ் ஓர் அடியை விரைந்து சொல்லிக்கொடுப்பார். அதைச் சபை முழுவதும் வாங்கி, இழுத்து, உருக்கி, மலைமேல் மூடுபனி ஏறுவதுபோல ஏற்றும். அப்பாடல் எழும்போது தனிக்குரல் என்று ஒன்று இராது. அழுகிறவள் குரலும் அதனுள் அடங்கிவிடும்.

அப்பமும் திராட்சரசமும் முடிந்து பாத்திரங்கள் வந்தன. நீண்ட துவாலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நீர்நிறைந்த தட்டத்துடன் ஒருத்தி இன்னொருத்தியிடம் செல்வாள். மண்டியிட்டு அவள் பாதங்களைக் கழுவித் துடைப்பாள். பிறகு துவாலை கைமாறும், கழுவப்பட்டவள் கழுவுவாள். இவளிடம்தான் போகவேண்டும் என்று விதியில்லை. ஆயினும் யாரிடம் போகக் கால் கூசுகிறதோ அவளிடம் போவதே எங்கள் பெண்களின் வழக்கம்.

ஆகவே எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நான் தட்டத்தை ஏந்திக் கெய்னெல் முன் நின்றபோது பெண்கள் வரிசை முழுதும் என்னைப் பார்த்தது. நான் வேலையை விட்டதும் அவள் கடிதத்தை மறுத்ததும் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. அவள் மட்டும் தடித்த காலுறைகளையும் கறுப்புக் காலணிகளையும் கழற்றாமல் அமர்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. பக்கத்திலிருந்த சகோதரி ஓமா பெருமூச்செறிந்து, எல்லோர் காதிலும் விழும்படி, மனசு எறங்கலேன்னா காலு எப்படி எறங்கும் என்றாள்.

எங்களுக்குள் கால் மறுத்தவளை வேறுவிதமாய் எண்ணத் தெரியாது. கழுவக் காலைக் கொடாதவள் பகையை வைத்திருப்பவள், அவ்வளவே. சென்ற ஆண்டு முதுகுவலி என்று சொல்லி அவள் முன்னதாகவே எழுந்து போனதையும் அப்படியே எண்ணினோம்; யாரோடு மனத்தாங்கல் என்று மாதக்கணக்கில் ஊகித்தோம். நானும் அன்று அப்படியே எண்ணினேன். என் பிழைப்பைக் கைப்பைக்குள் பூட்டி வைத்திருப்பவள், ஆண்டவர் சந்நிதியிலும் அதைப் பூட்டியே வைத்திருக்கிறாள் என்று உள்ளம் கொதித்தது. திரும்பி நடந்துவிட்டால் குற்றம் அவளுடையதாகும். நான் என் கடமையைச் செய்தவளாவேன். ஆனால் சீடர்களின் அழுக்குப் பாதங்களைத் தொட்டுக் கழுவின ஆண்டவர், காட்டிக்கொடுக்கப்போகிறவனின் பாதத்தை விலக்கிவைக்கவில்லையே. மண்டியிட்டேன்.

"நான் கையெழுத்து கேக்க வரல," என்றேன் தணிந்த குரலில். "கால் கழுவ வந்திருக்கேன்."

"எனக்குத் தெரியும் உன் கழுவல். எந்திரிச்சுப் போ, பொண்ணே."

நான் அவளது வலக் கணுக்காலின்மேல் கையை வைத்தேன். பணிவைக் காட்டவே வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டிச்சட்டியைத் துணியோடு தொட்டதுபோல இருந்தது. தடித்த காலுறையையும் மீறி அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியது. இன்னும் சற்றுக் குனிந்தேன். சோப்பின் மணத்துக்கும் மெழுகிட்ட காலணித்தோலின் மணத்துக்கும் அடியிலிருந்து, அழுகிய பழத்தின் இனிப்பான நாற்றம் ஒன்று மேலெழுந்தது. வார்டில் பணி செய்த எவளும் அதை மறக்கமாட்டாள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னங்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன. நான் அறிந்துகொண்டதை அவளும் அறிந்துகொண்டாள். அவள் கண்ணில் பகை இல்லை. வெறும் அச்சம்.

இனி மறுத்துப் பயனில்லை என்று அவள் கால் என் கையில் தளர்ந்தது. காலணியைக் கழற்றினேன். காலுறை சதையோடு ஒட்டியிருந்ததால் நீரில் நனைத்து நனைத்து உரித்தேன். உள்ளே எங்கள் மருத்துவகத்தின் பஞ்சுத்துணி. பெருவிரலின் அடியில் காசளவுக்கு ஒரு புண், விளிம்பு கறுத்திருந்தது. அடுத்த விரலும் நிறம் மாறியிருந்தது. செம்மை கணுக்காலைக் கடந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"வலியே இல்ல. அதான் சொல்றேன், ஒண்ணுமில்ல."

"வலி இல்லாததுதான் பயமாயிருக்கு. உங்களுக்குச் சக்கரை இருக்கறது டாக்டருக்குத் தெரியுமா?"

"பாட்டு நடக்குது. வாயை மூடு."

நடந்துகொண்டுதான் இருந்தது. மூப்பர் கொடுத்த அடியைச் சபை வாங்கிக் கூரைவரை உயர்த்தியது. அந்த ஒலியின் மறைவில் அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். கணவன் சுரங்க வேலையில் பெற்ற மருத்துவக் காப்பீடு அவன் இறந்ததோடு போயிற்று. ப்ரூவிட் தம் ஊழியர்க்குக் காப்பீடு தருவதில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீட்டை எட்ட அவளுக்கு இன்னும் இரண்டு வயது வேண்டும். அதுவரை மருத்துவக அலமாரியிலுள்ள இலவச மாதிரி மாத்திரைகளால் சர்க்கரையைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எண்ணியிருந்தாள்.

"டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாமே?"

"போன வருஷம் முதுகு போன பதிவறைப் பொண்ணை ஒரே வாரத்துல வேலைய விட்டு அனுப்புனாரே, ஞாபகமிருக்கா? அந்தக் காயிதத்தை டைப் அடிச்சவ நான். முத்திரை குத்துனவளும் நான்."

என் இடுப்பிலிருந்த துவாலையை அவிழ்த்து அந்தப் பாதத்தைச் சுற்றி இறுகக் கட்டினேன். தட்டத்து நீரின் நிறத்தைப் பிறர் காணாதபடி அதைப் பலகையின் கீழே தள்ளினேன். பின் அவள் காதில், எழுந்து என் தோளில் சாய்ந்து நடங்கள், இல்லையேல் இங்கேயே ஆம்புலன்சை வரவழைப்பேன் என்றேன். அவள் எழுந்தாள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தழுவியபடி நடைவழியில் வந்ததைக் கண்ட பெண்களுக்குக் கண்ணீர் பெருகிற்று. சகோதரி ஓமா என் கையைப் பற்றிக் குலுக்கி, மனசு எறங்கிருச்சு, எறங்கிருச்சு என்று விம்மினாள். அவள் சொல்லை மறுக்க எனக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்குச் செல்லும் சாலை ஓடையோடு ஓடையாய் வளைந்து மலையேறும். கெய்னெல் துவாலை சுற்றிய காலை நீட்டி, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். சுண்ணாம்புக்கல் குவாரியைக் கடந்ததும் பையைத் திறந்தாள்.

"உன் கடுதாசி எங்க?"

"எதுக்கு?"

"வண்டிலதானே வெச்சிருக்கே. எனக்குத் தெரியும் உன்னை." முன்பெட்டியைத் தானே திறந்து கடிதத்தை எடுத்தாள். மற்றக் கையில் முத்திரை இருந்தது. "அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்து. இதுல ஒரு குத்து குத்திக் குடுக்கறேன். நீ நாளைக்கே உன் புது எடத்துக்குப் போ. என்னை வீட்ல விட்டுரு. ஒரு வாரம் காலைத் தூக்கிவெச்சுப் படுத்தாச் சரியாயிரும்."

"ஒரு வாரம் போனா முழங்காலுக்குக் கீழ இருக்காது, கெய்னெல்."

"அது என் காலு."

"ஆமா."

"அப்ப நிறுத்து."

பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டது. சிவப்பு விளக்குப் பலகையும் பனிக்கட்டிப் பெட்டியும் தெரிந்தன. அந்த முத்திரையால் எத்தனையோ பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். அது டாக்டர் அறிந்து போட்டதா என்று எவரும் கேட்டதில்லை. இதையும் கேட்டிருக்கமாட்டார்கள். என் கால் வேக விசையின்மேல் ஒரு கணம் தளர்ந்தது. வண்டி வேகம் குறைந்தது. அவளும் அதை உணர்ந்தாள். நம்பிக்கையோடு முத்திரையின் மூடியைக் கழற்றினாள். அவள் விரல்கள் நடுங்கியதில் மை அவள் பாவாடையில் தெறித்தது. காய்ச்சல் நடுக்கம் அது.

நான் விசையை அழுத்தினேன். பங்க் பின்னால் போயிற்று.

"நீ ஒரு முட்டாள்," என்றாள் அவள். நெடுநேரம் கழித்து, "கெட்டிக்காரி மாதிரி வேஷம் போட்ட முட்டாள்," என்றும் சேர்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப்பிரிவு மருத்துவர் புண்ணைத் துழாவி, உள்ளிருந்து துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசி ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். மருத்துவகத்தின் தரைவிரிப்பில் காலணியில்லாமல் நடந்தபோது எங்கோ அதை மிதித்திருக்கிறாள். மிதித்தது அவளுக்குத் தெரியவில்லை. அதை உற்றுப் பார்த்துவிட்டு, அந்தத் தரைவிரிப்பை மாத்தணும்னு எத்தனை தடவை சொன்னேன் என்றாள், அலுவலகக் குறை ஒன்றைச் சொல்வதுபோல. இரண்டு விரல்களை அன்றே எடுத்தாக வேண்டும் என்றார்கள். தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று மருத்துவர் அவளிடம் சொன்னார்.

அறுவைக்கூடத்துக்குத் தள்ளிச் செல்லும்முன் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை போகக்கூடாது. நானாச் சொல்ற வரைக்கும்."

"போகாது."

"உனக்கு அவர் கையெழுத்து வேணுமே."

"வேணும்தான்."

"பாப்போம்," என்றாள். நம்பவில்லை என்பது அந்த ஒற்றைச் சொல்லில் தெரிந்தது.

திங்கள் காலையில் நானே ப்ரூவிட்டின் மருத்துவகத்துக்குப் போனேன். கடிதத்தில் அவரையே ஒப்பமிடக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசற்கதவைத் திறக்கவே ஆளில்லாமல் நோயாளிகள் வெளியே நின்றிருந்தார்கள். நான் பின்வாசல் வழியாய் நுழைந்தேன். உள்ளே டாக்டர் கெய்னெலின் நாற்காலியில் அமர்ந்து அவளுடைய கணினியைக் குத்திக்கொண்டிருந்தார். நெடிய, வெள்ளைமுடி மனிதர். அந்த நாற்காலி அவருக்குச் சிறியதாயிருந்தது. அவரால் கணினியைத் திறக்க முடியவில்லை. மருந்தலமாரியின் சாவி எங்கென்று தெரியவில்லை. அன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்றும் தெரியவில்லை.

"டெல்ஃபா. நல்லவேளை வந்தே. கெய்னெல் எங்க?"

நான் கடிதத்தை அவர்முன் வைத்தேன். இதற்காக வந்தேன் என்றேன். அவர் அதைப் படித்தார். படித்தபின் நாற்காலியில் சாய்ந்தார். சம்பளத்தை உயர்த்துவதாகச் சொன்னார். நான் முதலில் கேட்ட நாளில் சொல்லியிருந்தால் இங்கேயே இருந்திருப்பேன். இப்போது வேண்டாம் என்றேன்.

"நேத்து ரெண்டு பேரும் சபைல கட்டிப்பிடிச்சு அழுதீங்களாமே. ஓமா போன் போட்டா. அப்புறம் உன் வண்டில கூட்டிட்டுப் போனியாம். எங்க போனா அவ?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும், டாக்டர்."

"போனை எடுக்கல. முப்பது வருஷத்துல ஒரு நாள் சொல்லாம நின்னதில்ல." மேசையில் கிடந்த பேனாவை எடுத்துக் கடிதத்தின்மேல் குறுக்காக வைத்தார். "சரி. நேராப் பேசுவோம். உனக்கு இது வேணும். எனக்கு அவ எங்கேன்னு தெரியணும். சொல்லு, இப்பவே போட்டுத் தரேன்."

நோயாளிகள் கண்ணாடிக்கதவுக்கு அப்பால் நெருங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெய்னெலைக் காட்டிக்கொடுக்க நீண்ட கதை வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி என்ற ஒரே சொல் போதும். மற்றதை அவரே ஊகிப்பார். அந்த ஒரு சொல் நாவின் நுனிவரை வந்தது. மலைமுகட்டின் அப்புறத்து நாற்காலியை நினைத்தேன். அங்கே ஒரு நோயாளிக்கு அரைமணி தருகிறார்கள். கேள்வி கேட்க மூத்த மருத்துவர் ஒருவர் அடுத்த அறையில் இருக்கிறார். ஊழியர்க்குக் காப்பீடும் உண்டு. அவளுக்கோ இந்த நாற்காலியை விட்டால் ஒன்றுமில்லை.

"சொல்றதுக்கில்ல, டாக்டர்."

"யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிச்சுத்தான்."

அவர் பேனாவைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். நான் கடிதத்தை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது கெய்னெலின் மேசைத் தொலைபேசி ஒலித்தது. எந்தப் பொத்தான் எதற்கென்று அறியாமல் அவர் இரண்டை அழுத்த, அவள் குரல் அறை முழுதும் கேட்டது. மயக்கமருந்தின் கரகரப்பு அதில் இருந்தது.

"டாக்டர், கெய்னெல் பேசறேன். நான் ஆஸ்பத்திரில இருக்கேன். எனக்குச் சக்கரை. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. ஆறு வாரம் வரமாட்டேன், என் எடத்தை வெச்சிருங்க."

டாக்டர் மூடிக்கிடந்த கணினியையும் வெளியே நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"வெச்சிருக்கேன்," என்றார்.

"அந்த டெல்ஃபா பொண்ணு அங்க வந்தாளா?"

"எதிர்லதான் நிக்கிறா."

"நான் இங்க இருக்கறதை அவ சொன்னாளா?"

"கேட்டேன். கையெழுத்துப் போடறேன்னுகூடச் சொன்னேன். சொல்லல."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஒரே சுரத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் இருமினாள்.

"அப்ப அவ கடுதாசில போட்டுக் குடுங்க."

"முத்திரை உன்கிட்டல்ல இருக்கு."

"உங்க கை உங்ககிட்டதானே இருக்கு, டாக்டர்? கடவுச்சொல் சொல்றேன், எழுதிக்கங்க. முதல்ல அதைப் போடுங்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். நெடுங்காலம் தம் பெயரைத் தாமே எழுதாதவர். இரண்டாம் எழுத்தில் தயங்கினார். தாளில் விழுந்த ஒப்பம் முத்திரையிலிருந்ததைப்போல இல்லை. கோணலாய், மெலிந்து, ஆனால் அவருடையதாய் இருந்தது.

ஆஸ்பத்திரி புது மருத்துவகத்துக்குப் போகும் வழியில்தான். கெய்னெல் தலையணைகளில் சாய்ந்து கிடந்தாள். வலக்கால் வெண்கட்டுக்குள் உயர்த்தப்பட்டிருந்தது. இடக்கால் போர்வைக்கு வெளியே. நான் கடிதத்தைக் காட்டினேன். கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கார் என்றாள்.

மூலையிலிருந்த தட்டத்தில் வெந்நீர் பிடித்து, கட்டிலின் கீழ்ப்புறம் வந்து, தரையில் மண்டியிட்டேன். பாடல் கொடுக்க அங்கே மூப்பர் இல்லை. மருத்துவமனைத் துவாலையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த இடப்பாதத்தை நீரில் இறக்கினேன்; உள்ளங்காலையும் குதிகாலையும் கழுவினேன். பிறகு விரலிடுக்குகளை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தேன். புண் ஏதுமில்லை.

"இது கழுவலா, பரிசோதனையா?"

"ரெண்டும்தான்."

"அப்ப உன் புது எடத்துல என்னை நோயாளியாச் சேத்துக்குவியா?"

"முடியாதே. பழைய எடத்து நோயாளியையோ ஊழியரையோ நான் பாக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இன்னொரு வரி இருக்கு."

"அந்த வரியும் நான் டைப் அடிச்சதுதான்," என்றாள் கெய்னெல். கண்ணை மூடிக்கொண்டே கட்டிலோரத்தில் கையால் துழாவினாள். "என் பையை இப்படிக் குடு. அந்த வரியை எப்படி எடுக்கறதுன்னு பாப்போம். அதுக்கு முன்னாடி காலைத் துடை, தண்ணி ஆறுது."